இடிக்கு மறுநாள்

நேற்றுப் பின்னேரம் இடி.
இன்று என் தாளில் பதினொரு முகவரி.
முச்சக்கர வண்டியின் கூரையில் ஏணியைக் கட்டிக்கொண்டு
கொழும்பைச் சுற்றுகிறேன்.

செம்புக் கம்பிக்காரர்தான் முதலில் கூப்பிடுவார்கள்.
செம்பு எதையும் மறுக்காது,
ஹலோவையும் கடத்தும், மின்னலையும் கடத்தும்.

கொட்டாஞ்சேனை, மிசிஸ் கொறேராவின் மோடம்:
மூடியைத் திறக்கக் கருகல் வாசம்,
பச்சைப் பலகையில் பட்டாணி அளவு கறுப்பு.
"செபமாலையில் நாலாம் தேவரகசியம், தம்பி,
பட்டென்று ஒரு சத்தம்.
பிள்ளைகள் சிரிச்சிட்டுதுகள்."

வெள்ளவத்தை, ஆறாம் மாடி. ஃபைபர்.
கண்ணாடி இழைக்கு இடி என்றால் என்னவென்று தெரியாது.
ஆனாலும் பெட்டியில் சிவப்பு விளக்கு.
தலைமுடி மொத்தத்தில் ஓர் இழை,
அதற்குள் வெளிச்சம் ஓடும்.
ஒடுக்கி மடித்தால் வழியிலேயே சிந்திப்போகும்.
பல்கனிக்குப் போய்ப் பார்த்தால்
கேபிளைக் கொடியாக்கி
இரண்டு ஈரச் சாரம் காயப்போட்டிருக்கிறார்கள்.
சாரத்தை எடுத்தேன். இணைப்பு வந்தது.
அதற்கு ஒரு படிவம், மூன்று பிரதி.

மட்டக்குளியில் கம்பியே இல்லை.
சிம் போட்ட ரவுட்டர் ஜன்னல் விளிம்பில் இருந்து
கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.
நடுவில் புதிதாய் ஒரு மாடிக்கட்டடம்,
ஒரு தட்டு எழும்ப ஒரு கோடு குறைகிறதாம்.
ஒன்லைனில் கேக் விற்கும் றிஸ்மியா கேட்டாள்:
"அந்தக் கட்டடத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்க ஏலாதா?"
ரவுட்டரைக் குசினி ஜன்னலுக்கு மாற்றினேன்.
மூன்று கோடு.
இனிமேல் அதில் கோதுமை மா படியும்.

பதினோராவது, புதுக்கடை.
இரகுநாயகம், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்.
"மாசாமாசம் இவ்வளவு காசு,
இது என்னதான் செய்யுது?"

"உங்கட வேலைதான், சேர்.
கணினிக்கு ஒன்றும் பூச்சியமும்தான் பாஷை.
கம்பிக்கு அலை மட்டும்தான் விளங்கும்.
இங்கே எண்ணை அலையாக்கும்,
அங்கே அலையை எண்ணாக்கும்.
முந்தியெல்லாம் அதைக் கேட்கலாம்,
கீச்சென்றும் கொரகொரவென்றும்
இரண்டு பெட்டிகள்
என்ன வேகத்தில் பேசுவதென்று பேரம்பேசும் சத்தம்.
இப்போது நம் காதுக்கு மேலே பேசுகின்றன."

"இடையில் ஏதும் தவறினால்?"

"திரும்பக் கேட்கும்.
தவறின துண்டு வரும்வரை கேட்கும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
"நான் திரும்பக் கேட்டால்
நீதவான் கடிகாரத்தைப் பார்ப்பார்.
போன கிழமை கூண்டில் ஒரு தாய்
'ஐயோ' என்றா.
சிங்களத்திலும் அது ஐயோதான்.
அப்படியே சொன்னேன்.
எழுதுகிறவர் எழுதவில்லை."

என்னிடம் அதற்குப் பதில் இல்லை.
புதுப் பெட்டியின் மூன்றாம் விளக்கு
மினுங்கிக்கொண்டே இருந்தது,
எதிர்முனையைத் தேடுகிறது என்று அர்த்தம்.
இரண்டுபேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.
ஒரு நிமிஷம்.
ஒன்றரை.

பச்சை.

"வந்திட்டுதோ?"
"வந்திட்டுது, சேர்."

படிவம் சிங்களத்தில்.
அவர் தமிழில் கையெழுத்திட்டார்,
கீழ்க்கோட்டை இரண்டு தடவை இழுத்து.

வெளியே முச்சக்கர வண்டிக்காரர்
வானத்தைக் காட்டுகிறார்:
"வெஸ்ஸ எனவா, மல்லி."
துறைமுகப் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது.
ஏணியில் ஒரு முடிச்சு
தளர்ந்திருக்கிறது.