டவர் கிடைக்கும் இடம்

பதினேழு வருஷம்
ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு மட்டும்
எனக்கொரு புருஷன் இருந்தார்.
"சாப்டியா" என்பார். "பாப்பாகிட்ட குடு" என்பார்.
டவருக்காகப் பனியில் அரை மைல் ஏறி வந்த மூச்சு
வார்த்தைகளுக்கு நடுவே இரைக்கும்.
அந்த இரைப்போடுதான் நான் குடித்தனம் நடத்தினேன்.

இப்போது பல்லாவரம், இரண்டாம் மாடி.
விமானம் இறங்கும்போதெல்லாம்
டம்ளரில் தண்ணீர் நடுங்குகிறது, அவர் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை.
ஏடிஎம் வாசலில் நைட் டியூட்டி முடித்து
ஏழு மணிக்கு வந்து
சுவரில் முதுகை ஒட்டி, கதவைப் பார்த்தபடி படுக்கிறார்.
அவரை எழுப்ப ஒரு முறை உண்டு:
கால் கட்டைவிரலைத் தொடவேண்டும்,
தொட்டதும் இரண்டடி பின்னால் போய்விடவேண்டும்.
தர்ஷிகா இதை எப்போது கற்றுக்கொண்டாள்?
நான் சொல்லித்தரவில்லை.

மிலிட்டரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்,
"வீட்ல பேசுவாரா?"
"பேசுவாரே" என்றேன்.
கேஸ் தீர்ந்துபோச்சு. தண்ணி லாரி வந்துடுச்சு. ஃபேனைக் குறை.
அவர் எதையோ எழுதிக்கொண்டார்.
இவர் ஜன்னலுக்கு வெளியே
ஆம்புலன்ஸ்களை எண்ணிக்கொண்டிருந்தார்.
ஒன்றுதான் நின்றது.

போன வியாழன் மழை, கரண்ட் இல்லை.
மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனவள்
ஏனென்று தெரியாமல் அவர் நம்பரைப் போட்டேன்.
என் காலுக்கு நேர் கீழே மணி அடித்தது.
எடுத்தார்.
"சாப்டியா" என்றார்
அந்தப் பழைய குரலில்.
"இல்ல. நீங்க?"
மூச்சு இரைத்தது.
பல்லாவரத்து வீட்டுக்குள் ஏறுவதற்கு ஏது மலை?

பிறகு பிஸ்வால் என்றொரு பெயர் சொன்னார்.
ஒடிசாக்காரன். சப்பாத்தி வட்டமாகவே வராதாம் அவனுக்கு.
"அன்னிக்கு காவல் என் முறை.
எனக்குக் காய்ச்சல். அவன் போனான்."
அதற்கப்புறம் மழைதான் கேட்டது,
எனக்கு இரண்டு காதிலும்.
நனைந்த போர்வையைத் தோளில் போட்டபடி நின்றேன்.
"கேக்குதா?" என்றார்.
"கேக்குது."
"டவர் போயிடுச்சோன்னு நினைச்சேன்."

இருபத்திரண்டு படிகள். இறங்கவில்லை.
இறங்கினால் அங்கே முகம் இருக்கும்.

தர்ஷிகா குடையோடு மேலே ஓடிவந்தாள்.
"அம்மா, அப்பா யாரோ பொம்பளைகிட்ட
போன்ல பேசிட்டு அழுவுறாரு."
போனைக் கையால் பொத்திக்கொண்டு
"யாராம்?" என்றேன்.