கீழே கிடந்த இரண்டு நாள்

லாபிஸ் செம்பனை ஆலையில்
எடைமேடைக் கணினிக்கு இரண்டு நாள் ஞாபகம் இல்லை.
எட்டாம் தேதி இருக்கிறது. பதினொன்று இருக்கிறது.
நடுவில் பதினான்கு நடை குலை இறக்கியதாகச்
சொல்கிறார் குத்தகைக்கு லோரி ஓட்டும் சன்னாசி.
கணினி இல்லை என்று சொல்லவில்லை.
ஒன்றுமே சொல்லவில்லை.
அதையே பதிலாக எடுத்துக்கொண்டது ஆபீஸ்.

"இருந்தா காட்டும்ல?" என்கிறார் கிராணி தேவசகாயம்,
பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஓவை உறிஞ்சியபடி.

நான் பிரிண்டருக்கு மை நிரப்புகிறவள்,
பள்ளிப் பிள்ளைகளின் பென்டிரைவில் வைரஸ் எடுப்பவள்.
இந்தக் கறுப்புத் திரையோடு பேச
ஊரில் வேறு ஆள் இல்லை.

முதலில் கேட்டேன்: எவ்வளவு நிரம்பியிருக்கிறாய்?
தொண்ணூற்றாறு விழுக்காடு.
சரி, அடைவு அடைவாகக் கூட்டிச் சொல்.
எழுபத்தொன்று.
மீதி இருபத்தைந்து
இடம் பிடித்திருக்கிறது, கண்ணில் படவில்லை.

வட்டை மவுண்ட் செய்வது
ஆணியில் சட்டை மாட்டுவது போல அல்ல.
ஓர் அடைவைக் காட்டி, இனி இந்த வாசல் உனது
என்று வட்டிடம் சொல்வது.
அங்கே முன்பே ஏதாவது கிடந்தால்
அழியாது. மூடிக்கொள்ளும்.
தட்டினால் வட்டுதான் குரல் கொடுக்கும்.

எட்டாம் தேதி ராத்திரி இடி விழுந்ததா என்றேன்.
எந்த ராத்திரி விழவில்லை, என்றார்.
மின்சாரம் போய் வந்திருக்கிறது.
கணினி எழுந்தது, வட்டு எழவில்லை.
துவக்கப் பட்டியலில் அதன் பெயருக்கு நேரே
எவரோ எழுதி வைத்திருந்தார்:
வராவிட்டாலும் பரவாயில்லை.

மேடை திறந்துவிட்டது. லோரிகள் ஏறி இறங்கின.
எடையும் படமும் எழுதப்பட்டன,
வட்டில் அல்ல,
வட்டு வந்து நிற்க வேண்டிய வெறுந்தரையில்.
பதினொன்றாம் தேதி யாரோ கேபிளை அழுத்தி
மறுபடி கிளப்ப,
வட்டு வந்து உட்கார்ந்தது
இரண்டு நாளின் மேல்.

கழற்று என்றேன்.
(அந்தக் கட்டளையில் ஓர் எழுத்து குறையும்.
அரை நூற்றாண்டாக யாரும் திருத்தவில்லை.)
முடியாது, யாரோ புழங்குகிறார்கள் என்றது.
யார்?
தேவசகாயம், என்று பெயரைச் சொன்னது.

அடுத்த மேசையில் அவர்,
சன்னாசி வரவே இல்லை என்னும் அறிக்கையைத்
திறந்து வைத்திருக்கிறார்.
"சார், அதக் கொஞ்சம் மூடுங்க."
"சேவ் பண்ணவா?"
"உங்க இஷ்டம்."

வட்டு விலகியது.
ஒன்பது. பத்து.
காலை ஆறு ஐம்பத்திரண்டு, எட்டு டன் நூற்றிருபது கிலோ,
படத்தில் பச்சை லோரி,
ஜன்னலுக்கு வெளியே சன்னாசியின் முழங்கை.

நடை பதினான்கு அல்ல, பதின்மூன்று.
"பாத்தீங்களா, பொய்" என்றார் கிராணி.
பதின்மூன்றை விட்டுவிட்டு
அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார்.
நான் பதின்மூன்றையும் பென்டிரைவில் நகலெடுத்து
இரண்டு தரம் எண்ணினேன்.

பட்டியலில் வட்டின் பெயரை அடித்தேன்.
பெயர், வரிசையில் முந்தியவருக்குப் போய்விடும்.
ஐசி நம்பர் போல நீளமான அதன் எண்ணை எழுதினேன்.
'பரவாயில்லை'யை எடுக்க விடவில்லை மேனேஜர் ரொஸ்லான்.
ஆலை நிற்கக் கூடாதாம்.

ஆகவே மூடும் முன்
வெறுந்தரையில் ஒரு சின்னக் கோப்பை வைத்தேன்:
இதைப் படிக்கிறீர்கள் என்றால் வட்டு வரவில்லை.
எதையும் எழுதாதீர்கள். என்னைக் கூப்பிடுங்கள்.
கீழே கடை நம்பர்.

மவுண்ட்.
வட்டு வந்து அதன் மேல் அமர்ந்தது,
பதின்மூன்றையும் அதனுள் சேர்த்தேன்.
எண்பது வெள்ளி பில்.

வெளியே மோட்டாரை உதைக்கும்போது தோன்றியது:
யாரும் படிக்கக் கூடாது என்று வேண்டி
நான் எழுதிய வரி
அது ஒன்றுதான்.