பிடித்தபடி

சாளரத்தை மூடினேன்.
போகிற போக்கில் அது தன் பொத்தான்களையும்
கூட்டிக்கொண்டு போய்விட்டது.
பைதான் பக்கம் ஒரு பெயர் மட்டும்
சேதி தெரியாமல் பிடித்தபடியே.
பிறகு வந்த குப்பை சேகரிப்பான்
செத்ததை இன்னொரு தடவை கொன்றது.
ஆயர் ராஜா, இரவு பதினொன்று, உறைந்த திரை.

கீழே காப்பிக்கடையில்
டிஷ்யூ பொட்டலம் போட்டு மேசை பிடித்துவிட்டுக்
கோப்பி ஓ வாங்கித் திரும்பினால்
மடக்கு மேசையைக் காணோம்.
துடைப்பத்தோடு நின்ற சியூ எங்
பொட்டலத்தை நீட்டினார்: "குளோஸ் லா."

மேலே வந்து எழுதினேன்:
தொடுமுன் கேள், இருக்கிறாயா என்று.
பதில் வராவிட்டால் கையை எடு.
நீ அழிக்காதே, அது உன்னுடையதல்ல.

சோதனை ஓடுகிறது.
சட்டைப் பைக்குள் பொட்டலம்
இல்லாத மேசையைப் பிடித்தபடி.