பதினோரு நிமிடம்

மூன்றாவது புதன்கிழமையாக
மைதானத்தில் காட்டெருமைகள்.
ஒன்று கோல் கம்பத்தில் முதுகு தேய்க்கிறது.
கம்பம் எத்தனை முறை ஆடுகிறதென்று
ஒன்பதாம் வகுப்பு ஜன்னலில் நின்று எண்ணுகிறது.
பி.டி. சார் ஹென்றி
விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு
என் கம்ப்யூட்டர் அறைக்கு வந்துவிட்டார்.

ஜூனில் ஏறும் ஈரம்
டிசம்பரில்தான் கோத்தகிரிச் சுவர்களை விட்டு இறங்கும்.
மாவட்ட இ-ஸ்போர்ட்ஸுக்கு
எங்கள் பள்ளியும் பெயர் கொடுத்தாயிற்று.
எந்த விளையாட்டு என்ற கட்டம் மட்டும் காலி.
வெள்ளிக்குள் நிரப்ப வேண்டும்,
நிரப்ப வேண்டியவள் நான்.
கடைசியாக நான் ஆடிய வீடியோ கேம்
ஒரு பாம்பு தன் வாலையே கடித்துச் செத்தது.

பட்டியலில் முதலில் துப்பாக்கி.
பையன்கள் எல்லோரும் கேட்டது, பெண்களில் மூன்று பேரும்.
"சுடுறது வேண்டாம்" என்றார் தலைமையாசிரியை,
பெற்றோர் கூட்டத்தை மனதில் வைத்து.
நான் வாய் திறக்குமுன் பெள்ளன் எழுந்தான்.
அவன் அப்பாவுக்குக் காட்டிலாகாவில் இரவுக் காவல்.
"மிஸ், இதுல துப்பாக்கி நனையவே மாட்டேங்குது."
அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டான்.
அந்த வரியை அடித்தேன்.
தலைமையாசிரியைக்காகவா அவனுக்காகவா,
இன்னும் தெரியவில்லை.

கார் பந்தயம்.
எங்கள் பத்துக் கணினிகளிலும்
சாலை மட்டும் விட்டுவிட்டு வந்தது, கார் வரவேயில்லை.
"கொணவக்கரை பஸ் மாதிரி" என்றாள் ஷகிலா பானு.

கால்பந்துக்கு ஆளுக்கொரு உரிமத் தொகை.
அந்தக் காசுக்கு நிஜப் பந்து நாற்பது வாங்கலாம்
என்றார் ஹென்றி சார்,
எருமைகளைப் பார்த்தபடி.

ராஜ்ஜியம் கட்டும் ஆட்டம் எனக்கே பிடித்திருந்தது.
மரம் வெட்டி, கல் சுமந்து, கோட்டை எழுப்பி
ஒரு ஆட்டம் முடிய மூன்று மணி நேரம்.
கடைசி பஸ் நாலு ஐம்பது.
கீழ்க்கோத்தகிரிப் பிள்ளைகள்
பாதிக் கோட்டையோடு ஏற முடியாது.

வாள்வீச்சு ஒன்று.
ஆண்களுக்கெல்லாம் கழுத்துவரை இரும்பு,
வீராங்கனைக்கு மட்டும் தைக்க மறந்திருந்தார்கள்.
சுவெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டு
யோகராணி கேட்டாள்:
"இவளுக்குக் குளிராதா மிஸ்?"

அப்போது கரண்ட் போனது.
எங்கோ ஒரு சீகை மரம் கம்பிமேல் சாய்ந்திருக்கும்,
இங்கே காற்றுக்கு வேறென்ன வேலை.
யூ.பி.எஸ். கத்தத் தொடங்கியது.
அதன் ஆயுள் பதினோரு நிமிடம்.
அளந்து வைத்திருக்கிறேன்.

திரையில் மிச்சமிருந்தது யாரும் கேட்காத ஒன்று.
இரண்டிரண்டு பேராய் அணி.
மேலிருந்து விழும் கற்களை ஒருவர் பிடிக்க
மற்றவர் திருப்பி வைக்க
ஓர் எறும்பு கடக்குமளவு பாலம்.
விலையில்லை. ரத்தமில்லை.
முகம் தெரியாதவன் வந்து பேசும் பெட்டியும் இல்லை.
பக்கத்தில் இருப்பவரோடு பேசாமல் மட்டும்
ஆடவே முடியாது.

பெள்ளனும் யோகராணியும் ஒரு பக்கம்.
"திருப்பு!"
"எந்தப் பக்கம்?"
"சோத்துக்கை பக்கம், சோத்துக்கை!"
எறும்பு நடுப்பாலத்தில் நின்று
கீழே எட்டிப் பார்த்து
விழுந்தது.
ஒன்பதாவது நிமிடம்.
அவள் நோட்டால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.
"இன்னொரு தடவை" என்றான்.
மீதி இரண்டு நிமிடம் எதற்கும் போதாது.
தெரிந்தே தொடங்கினார்கள்.

டார்ச் வெளிச்சத்தில் படிவத்தை நிரப்பினேன்.
காரணம் என்ற இடத்தில்
'வயதுக்கு ஏற்றது, குழு உணர்வு வளர்ப்பது' என்று
எல்லாப் பள்ளியும் எழுதுவதையே எழுதினேன்.
எழுதாமல் விட்டது:
இந்த ஊரில் ஒரு விளையாட்டுக்கு
பதினோரு நிமிடத்துக்குள்
தோற்று முடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

திரைகள் ஒவ்வொன்றாய் அணைந்தன.
இருட்டில் யாரோ இன்னமும்
"சோத்துக்கை, சோத்துக்கை" என்கிறார்கள்.
வெளியே
கோல் கம்பம் கிறீச்சிட்டது.
ஹென்றி சார்
"நாப்பத்தி ஏழு" என்றார்.