விஸ்னெக் எதிர் விஸ்னெக்

பஃபலோவில் ஜனவரி. ஏரியிலிருந்து வந்த பனி
ஜன்னலின் பாதிவரை ஏறிவிட்டது.
சமையலறை மேசையில் பதினொரு பெட்டிகள்,
நாலாயிரத்துச் சொச்சம் ஹாக்கி அட்டைகள்,
இருபத்தாறு வருடத் திருமணத்தில்
இன்னும் பங்கு பிரியாத ஒரே சொத்து.
வீடு விற்றாயிற்று. நாய் லொரெட்டாவுடன்.

மணிக்கு எண்பது டாலருக்கு
இருவரும் சேர்ந்துதான் என்னை அமர்த்தினார்கள்.
சேர்ந்து செய்த கடைசிக் காரியம் அது.

அட்டைகளை எண்ண எனக்கு ஒரு பகல் போதும்.
எந்த விலைப்பட்டியலை நம்புவது என்று
அவர்கள் ஒத்துப்போக
இது மூன்றாவது வியாழக்கிழமை.

நார்பர்ட்டுக்கு ஏலச் சேவைதான் பிடிக்கிறது.
நேற்று விற்றதை இன்று சொல்லும்,
மாதம் பதினைந்து டாலர்,
எல்லாமே அடிமாட்டு விலை.
அட்டைகளை வைத்துக்கொள்ளப் போகிறவன் அவன்,
பாதிப் பணம் தரவேண்டியவனும் அவன்.

லொரெட்டா கொண்டுவந்தது அச்சுப் புத்தகம்.
மாதம் ஒருமுறை, வழவழ அட்டை,
தொட்டதெல்லாம் யானை விலை.
"நிலவறையில் தண்ணீர் புகுந்த வருஷம்
இன்சூரன்ஸ்காரனிடம் இதைத்தானே நீட்டினாய்?"
மஞ்சள் கோடு போட்ட பக்கம் அப்படியே இருந்தது.
ஓரத்தில் கூட்டல் கணக்கு, அவன் கையெழுத்தில்.
நார்பர்ட் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.
அவன் சர்க்கரை போடுவதில்லை.

மூன்றாவது ஒன்றை நான் எடுத்துவைத்தேன்.
தொண்ணூறு நாள் விற்பனையின் நடுவிலை.
தரச்சான்று உள்ளது வேறு, இல்லாதது வேறு,
மூலை மழுங்கினால் எவ்வளவு குறையும் என்பதுவரை.
யாரும் வாங்காத அட்டைக்கு மட்டும்
விலை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு.
அந்தக் கோட்டுக்காகத்தான் எனக்கு அதைப் பிடிக்கும்.
எல்லாத் தராசுக்கும் நா உண்டு.
நாவை அடக்கத் தெரிந்தது இது ஒன்றுதான்.

இருவரும் முறைத்தார்கள்.
இருவருக்கும் ஏறக்குறைய ஒரே நஷ்டம் என்று
கூட்டிக் கழித்துப் பார்த்ததும் தலையாட்டினார்கள்.

ஆறு பெட்டி முடிந்தது. ஏழாவதில்
ஒரே அட்டை. அடுத்ததும் அதே. அதற்கடுத்ததும்.
எண் 218, ஆர்லோ டெபோர்ட், கோல்காப்பாளர்,
ஆடியது பதினொன்று, தோற்றது ஒன்பது.
முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
காமிராவை விட்டு வேறெங்கோ பார்க்கிறான்.
எண்ணினேன்: நூற்று நாற்பத்துமூன்று.
ஏலச் சேவையில் கடைசியாக ஐந்து சென்ட்,
ஆறு வருடம் முன்பு.
புத்தகத்தில் எழுபத்தைந்து.
என்னுடையதில், கோடு.

"இது என் தம்பி" என்றாள் லொரெட்டா என்னிடம்.
பிறகு அவனிடம்: "இத்தனையா?"

நார்பர்ட் கரண்டியைக் கீழே வைத்தான்.
"கண்காட்சிக்குக் கண்காட்சி
ஐந்து சென்ட் டப்பாவில் கிடப்பான்.
பார்த்துவிட்டு எப்படிச் சும்மா வருவது?"

வெளியே பனி வாரும் வண்டி போனது.
மேசையும் அட்டைகளும் கொஞ்சம் அதிர்ந்தன.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"இந்தப் பெட்டிக்கு மட்டும் புத்தக விலை போடுங்கள்"
என்றான், பணம் தரவேண்டியவன்.
"ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்" என்றாள்,
பணம் பெறவேண்டியவள். "கோடு."
"எழுபத்தைந்து." "வேண்டாம் என்கிறேன்."
"நூற்றேழு டாலர் இருபத்தைந்து சென்ட். பாதி உனக்கு."
"என் தம்பிக்கு உன்னிடம் நான் காசு வாங்குவதா?"
குரல் ஏறியது. நாய் எழுந்து
ஒருமுறை இருவரையும் பார்த்துவிட்டு
என் காலடியில் வந்து படுத்துக்கொண்டது.

நாற்பது நிமிடம் நடந்தது.
அதற்கும் சேர்த்தே கட்டணம் போட்டேன்.
தகராறு தகராறுதான்.