வெட்டில்லாத நாள்

ராத்திரி ஒரு மணிக்குப் பிடித்த மழை
மூன்று மணிக்கும் விடவில்லை.
நெற்றிவிளக்கைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு
"இன்னைக்கு வெட்டு இல்ல" என்றார் ரசலையன்.
பட்டை நனைந்தால் பால் சிரட்டைக்கு இறங்காது,
மரமெல்லாம் வழிந்து வீணாகும்.
ரப்பர் மரத்துக்கு லீவு. எங்களுக்கு லீவு.
கூலிக்கும் லீவு.

ஏழு மணிச் செய்தியில் பள்ளிக்கூடத்துக்கும் விட்டார்கள்.
அபிஷா கட்டிலில் ஏறிக் குதித்தாள்.
"திற்பரப்பு" என்றான் ஜெனோ, பல்கூடத் தேய்க்காமல்.

அவித்த மரச்சீனி, காந்தாரிமிளகாய்த் துவையல்,
நாலு தோர்த்து, ஒரு சோப்பு.
பஸ்ஸில் எனக்கு டிக்கெட் கிடையாது.
அபிஷாவைக் கண்டக்டர் ஏற இறங்கப் பார்க்க
நான் வாயைத் திறக்கும் முன்
நுனிக்காலில் நின்று சொல்கிறாள்:
"எட்டு வயசு."
கொடு, அரை டிக்கெட்.

திற்பரப்பில் கயிறு கட்டியிருந்தது.
குளிக்கத் தடை.
கட்டன்சாயா நிறத்தில் கோதையாறு
பாறையைக் காணவிடாமல் விழுந்துகொண்டிருந்தது.
வேனில் வந்த மதுரைக்காரர்கள்
போலீஸ்காரரிடம் சண்டை போட்டார்கள்,
எவ்வளவு தூரத்திலிருந்து வந்தோம் தெரியுமா என்று.
நாங்கள் ஆறு கிலோமீட்டர்.
சண்டைக்கு அது போதாது.
தவிர எங்களுக்குப் பழக்கம்தான்,
நாங்கள் ஒழியும் நாளில்தான் அருவிக்கும் ஒழிவு.

ஜட்டியோடு நின்று அழுதான் ஜெனோ.
பழம்பொரிக் கடையின் தகரக்கூரை ஓரமாய்
ஒரு தாரை ஊற்றிக்கொண்டிருந்தது.
யாரும் சொல்லவில்லை, போய்த் தலையைக் கொடுத்தான்.
பின்னால் அபிஷா, பாவாடையோடு.
கடைக்காரர் கரண்டியை நீட்டி
"சோப்பு போடாதீங்க மக்களே, எண்ணெயில தெறிக்கும்" என்றார்.
மதுரைக்காரர்களின் ஒரு பையனும்
அம்மா பிடிக்கப் பிடிக்க வழுவி வந்து சேர்ந்தான்.

மழை விட்டது. மணி பதினொன்றுகூட ஆகவில்லை.
மாத்தூருக்குப் போனது அப்புறம் வந்த யோசனை.
தொட்டிப்பாலம் இத்தனை பக்கத்தில் இருந்தும்
கல்யாண ஆல்பத்தோடு சரி எங்களுக்கு.
அதுவும் வேறு யாருடையதோ கல்யாணம்.

இருட்டில் அணலி நெளியும் தோட்டத்துக்குள்
ஒற்றைக்கு நடக்கிற மனுஷன்,
பாலத்தில் பத்தடி வைத்ததும்
கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.
"காத்து பலமா இருக்கு" என்றார்.
காற்றே இல்லை.
ஜெனோ அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்து
"பையப் பைய" என்று கூட்டிப்போனான்.

நடுப்பாலத்தில் நான் கீழே பார்த்தேன்.
கலங்கிய பறளியாறு, தென்னந்தலைகள்,
அப்புறம் அந்தப் பச்சை.
என்ன மரம் என்று சட்டென்று தெரியவில்லை.
பதினோரு வருஷமாய் இடுப்பளவுக்குத்தான் தெரியும் எனக்கு ரப்பர்:
பட்டை, சரிந்த வெட்டு, கம்பி, சிரட்டை,
கையை விட்டுப் போகாத ஒட்டுப்பால் நாற்றம்.
அதன் தலையை இன்றுதான் பார்க்கிறேன்.
மழைக்குப் பிறகு வெயில் பட்டு
யாரும் கத்தி வைக்காத உயரத்தில்
தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, இங்க பாருங்க" என்றேன்.
கண்ணை மூடிக்கொண்டே
"பார்த்தாச்சு, பார்த்தாச்சு" என்றார்.

மரச்சீனியைப் பாலத்தின் அந்தப் பக்கம் உட்கார்ந்து தின்றோம்.
திரும்ப இந்தப் பக்கம் வரவேண்டுமே என்று
அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ராத்திரி ஜெபத்தில் அபிஷா
"ஆண்டவரே, நாளைக்கும் மழை தாரும்" என்றாள்.
கத்தி தீட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.
சீட்டுக்காசு, கரண்ட் பில், ஜெனோவின் வேன்.
எல்லாரும் ஆமென் சொல்ல
நான் தொண்டையைச் செருமினேன்.

இரண்டரைக்கு அலாரம்.
எங்கேயோ சொட்டுகிற சத்தம்.
ஓட்டில் தங்கிய மிச்சமா, புதிசா என்று பார்க்க
ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.
"என்ன?" என்கிறார் பாயிலிருந்து.
"பொறுங்க."