பத்து இருபது மதியம்

இரண்டாம் மாடிப் பள்ளிக்கு மதிய உணவு
காலை பத்து இருபதுக்கு.
பரிமாறுகிறவள் நான்.
தட்டை நீட்டிக்கொண்டே யாதியேல் கேட்பான்:
"மிஸ் கிஸ்லேன், இப்போதுதானே விடிந்தது?"

உச்சிப் பொழுது மூன்றாம் மாடிக்கு.

கட்டடம் ஒன்று, அடுப்பு ஒன்று, பள்ளி இரண்டு.
மேலே உள்ளது வந்து நான்கு வருடம்.
பெயரில் மூன்று சொல், மூன்றும் மரம் செடியைப் பற்றி.
அவர்களுக்குக் கிழக்குப் படிக்கட்டு, எங்களுக்கு மேற்கு,
நடுவில் கண்ணாடி வைத்த கதவு.
பூட்டு எதற்கு என்றேன்.
பாதுகாப்புக்காம்.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை,
வேலை வேண்டுமே.

போன இலையுதிர்காலத்தில் அவர்கள் ஏலம் நடத்தினார்கள்.
யாரோ தன் மலைவீட்டை ஒரு வாரத்துக்குத் தந்தார்,
யாரோ எடுத்தார்.
எண்பதாயிரம் டாலர் சேர்ந்தது.
எங்கள் தாய்மார் எம்பனாடா விற்றார்கள்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
எண்ணியது நான், கடைசி இரண்டு டாலர் என்னுடையது.

கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை.
ஆனிகாவின் அம்மா எனக்காகக் கதவைப் பிடித்து நிற்பாள்.
சாப்பாட்டு நேரத்தை மாற்றச் சொல்லிக்
கடிதம்கூட எழுதினாள்.
பதில் வந்தது: தலைக்கு இத்தனை சதுர அடி,
அதன்படிதான் மணி.

தலைகள் குறைந்துகொண்டே வருகின்றன.
நிக்கர்பாக்கர் அவென்யூவில் வாடகை ஏறியது,
தட்டுகள் தொண்ணூற்று நான்கிலிருந்து அறுபத்தொன்றுக்கு இறங்கின.
காலியான அறைக்கு மேல்மாடியிலிருந்து
ஓவிய மேசைகள் வந்தன.
நானும் இந்தத் தெருக்காரிதான்.
இப்போது இரண்டு ரயில், ஒரு பேருந்து,
இருட்டில் கிளம்புகிறேன்,
இவர்களுக்கு விடியும்போதே மதியம் சமைக்க.

யாதியேல் வீட்டுக்கும் கடிதம் வந்துவிட்டது.
ஜூன் வரை இருக்கலாம்.

ஒருநாள் பன்னிரண்டு மணிக்கு
மேல்மாடிப் பிள்ளைகள் வரிசையில் சிரித்துக்கொண்டிருக்க,
கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன்.
கழிவறைச் சீட்டு ஒரு கையில்.
மறு கை சட்டைப்பையிலிருந்து
காலையில் நான் வைத்த ரொட்டியை எடுத்தது.
அழுந்திச் சப்பையாகியிருந்தது.
அவசரமில்லாமல் தின்றான்,
மதியத்தில்,
எல்லோரும் தின்கிற நேரத்தில்.

உணவை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று
என் தலைக்கு மேலே பெரிதாக எழுதியிருக்கிறது.

மறுநாளிலிருந்து அவன் தட்டில் இரண்டு ரொட்டி.
தாளில் ஒன்று என்றே எழுதுகிறேன்.